ஒரே கறுப்பில் இரண்டு சீலை

நீர்வேலி
18.02.2024

அன்புள்ள தங்கச்சி கோபிகாவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். வாழைக்குத்தான் சுகமில்லை, காற்று இலையையெல்லாம் கிழித்துப்போட்டது. அங்கே நோர்வேயில் நீயும் தில்லையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகு நோ குறைந்ததா? முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்குகிற வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாயா, இல்லை வழக்கம்போல் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாயா?

அக்காவுக்கு என்ன பைத்தியம் பிடித்தது, இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பாய். போனில் சொன்னால் 'நெட் சரியில்லை அக்கா' என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முதல் ஆளாய் வாசிப்பவள் றஜனி. கடிதம் என்றால் நீ மட்டும்தான் வாசிப்பாய். பாதியில் வைத்தாலும் மிச்சம் அப்படியே கிடக்கும்.

பிரணவனின் கலியாண அல்பம் வந்துவிட்டது. எங்கள் அண்ணையின் ஒரே மகன், நீ வரமுடியவில்லை, சரி. அதற்காகத்தானே எனக்கும் றஜனிக்கும் சிவப்புக் கரை போட்ட கறுப்புச் சீலை இரண்டு அனுப்பினாய். "ரண்டு அக்காமாருக்கும் ஒரே சீலை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது" என்று போனில் சிரித்தாய். கலியாண வீட்டில் கறுப்போ என்று அண்ணி பத்மாசினியின் முகம் சுருங்கியது. தாலிகட்டுக்கு இல்லை, பின்னேர வரவேற்புக்குத்தான் என்று நான்தான் சமாளித்தேன்.

இப்போது அல்பத்தின் நடுப்பக்கத்தில் பெரிய படம். நானும் றஜனியும் தோளோடு தோள் உரசி நிற்கிறோம். அவளுடைய சீலை நல்ல கறுப்பு. என்னுடையது பீற்றூட் அவித்த தண்ணியில் தோய்த்து எடுத்த மாதிரி ஒரு நிறம். வாசலில் கட்டியிருந்த வாழைகள் எங்கள் தோட்டத்தில் வெட்டிக் கொடுத்தவை, அவையும் மஞ்சள் காமாலை வந்ததுபோல் வெளிறிக் கிடக்கின்றன. கனகாம்பிகை மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால் கேட்டா: "என்ன தயா, கோபி உனக்கு மட்டும் வேறை சீலையோ அனுப்பினது?"

கோபி, எனக்கு எரிச்சல். எழுதிவிட்டேன், இனி அழிக்கமாட்டேன். றஜனிக்கு யாழ்ப்பாண ரவுணில் மாடிவீடு. நீ ஊருக்கு வந்தால் இறங்குவதும் அவளிடம்தான். போனமுறை கேட்டதற்கு என்னிடம் அறையோடு சேர்ந்த பாத்றூம் இல்லை என்றாய். இப்போது கட்டியாயிற்று. சுடுதண்ணியும் வரும். நீ ஓகஸ்ட்டில் வருகிறாய் என்பதையே றஜனி சொல்லித்தான் நான் அறிந்தேன்.

இரண்டும் ஒரே சீலைதானா? ஓம் அல்லது இல்லை என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னை விட்டுக்கொடுக்காத அக்கா,
தயாளினி

*

பேர்கன்
09.03.2024

அன்புள்ள தயா அக்காவுக்கு,

உங்களின் சுகமும் குகதாசன் அத்தானின் சுகமும் அறிய விருப்பம். இங்கே ஓயாத மழை. முதுகு பரவாயில்லை. வேலை மாற்றத்தைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

கடிதத்தைக் கண்டு பயந்துபோனேன், யாருக்கும் ஏதுமோ என்று. சீலைதான் என்றதும் மூச்சு வந்தது. இரண்டும் ஒரே சீலைதான் அக்கா. ஓம்.

நிறம் மாறியதற்குக் காரணம் கமரா. இவருக்குப் படம் எடுக்கிற பைத்தியம் என்று தெரியும்தானே. படத்தைப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். சிவப்புக்கு அப்பால் எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் செங்கீழ்க் கதிர் என்று படித்தோமே, அகச்சிவப்பு என்றும் சொல்வார்கள், அதுதான். கமராவுக்குள்ளே படம் விழுகிற சில்லுக்கு அந்த ஒளி தெரியும். அதனால் அதை மறிக்க முன்னால் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். சில பழைய கமராக்களில் அந்தக் கண்ணாடி சரியாக மறிக்காது, ஒளி கசிந்துவிடும். கறுப்புச் சாயம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை விழுங்கும், ஆனால் இந்த ஒளியை விழுங்காமல் திருப்பி அனுப்பும். கண்ணுக்குக் கறுப்பு, கமராவுக்குக் கருஞ்சிவப்பு. வீடியோக்காரரின் சூடான ஹலஜன் விளக்கில் இந்த ஒளி அதிகமாம். அந்த விளக்கு உங்கள் பக்கம் நின்றிருக்கும், அதுதான் உங்களுடையது மட்டும் மாறியிருக்கிறது என்கிறார்.

நம்பாவிட்டால் ரிவி ரிமோட்டின் முனையை போனின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடித்து அமத்திப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் போனில் தெரியும்.

ஓகஸ்ட்டில் எங்கே தங்குவது என்பதை இன்னும் யோசிக்கவில்லை. பிறகு பார்ப்போம் அக்கா. எல்லோருக்கும் அன்பு.

கோபிகா

*

நீர்வேலி
28.03.2024

அன்புள்ள கோபிகாவுக்கு,

சுகமாக இரு. இங்கும் சுகம், வெயிலைத் தவிர.

ரிமோட்டைப் பிடித்துப் பார்த்தேன். கோபி, நீ சொன்னது சரி! வெறுங்கண்ணுக்கு ஒன்றும் இல்லை, போனில் பார்த்தால் ஊதா கலந்த ஒரு வெளிச்சம் மினுக்கு மினுக்கென்று மினுங்குகிறது. இத்தனை வருடமும் வீட்டுக்குள் இப்படி ஒன்று பறந்து திரிந்ததே என்று நான் அமத்தி அமத்திப் பார்க்க, செய்தி பார்த்துக்கொண்டிருந்த அத்தானுக்குச் சனல் மாறி மாறிப் போனது. "உனக்கென்ன விசரே" என்று ரிமோட்டைப் பறித்துவிட்டார்.

அதோடு விடவில்லை. படம் எடுத்த ஜெரோசனைத் தேடிக் குருநகருக்குப் போனேன். நல்ல பொடியன். மறைக்காமல் சொன்னான். "அது வெளியிலயிருந்து வந்த பழைய கமரா அக்கா. முகம் வடிவாய் விழும் எண்டு வைச்சிருக்கிறன். கறுப்பும் பச்சையும்தான் அதுக்கு ஆகாது." வாழையிலை அந்த ஒளியைக் கனக்கத் திருப்பி அடிக்குமாம், அதனால்தான் வெளிறித் தெரிகிறதாம். எங்கள் வாழைக்கு நோயில்லை என்று அண்ணிக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன். மாமிக்கும் சொன்னேன். அவவுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

என் போனில் எடுத்த படங்களிலும் தேடினேன். எல்லாவற்றிலும் கறுப்புத்தான்.

வாயைக் கொடுத்துவிட்டேன், மனதில் வைக்காதே. உன்னைச் சந்தேகப்படவில்லை. றஜனி பக்கத்தில் நின்றால் எனக்குக் கண் கொஞ்சம் சரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒரே துணியில் சட்டை தைத்தாலும் அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கும் என்பார்கள்.

பாத்றூமுக்கு வெள்ளை மாபிள் பதித்திருக்கிறோம். ஓகஸ்ட் பற்றி யோசி. தில்லைக்கு என் நன்றியைச் சொல், உன் புருசன் கெட்டிக்காரன்.

அன்பு அக்கா,
தயாளினி

*

பேர்கன்
14.04.2024

அன்புள்ள தயா அக்காவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் புதுவருட வாழ்த்துகள். நாங்கள் சுகம்.

விளங்கிக்கொண்டதற்குச் சந்தோசம் அக்கா. இனி அதைப் பற்றிக் கதைக்கவேண்டாம். ரிக்கற் போட்டாயிற்று, ஓகஸ்ட் முதல் வாரம், மூன்று கிழமை நிற்பேன். வேலை அதிகம், நீளமாக எழுத முடியவில்லை.

கோபிகா

*

நீர்வேலி
05.05.2024

கோபிகாவுக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

அல்பத்தில் இன்னொரு படம் இருக்கிறது. விருந்து மேசைப் படம், கடைசிப் பக்கத்துக்கு முதல் பக்கம். அதில் நாங்கள் இடம் மாறி இருக்கிறோம். விளக்கு நிற்பது றஜனியின் பக்கம், அவள் முகத்தில் வெளிச்சம் அடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கிறாள். நான் தள்ளி இருக்கிறேன். அப்படியும் அவளுடையது கறுப்பு. என்னுடையது பீற்றூட்.

மறுபடியும் குருநகருக்குப் போனேன். ஜெரோசன் படத்தைக் கணினியில் பெரிசாக்கிப் பார்த்தான். கேட்டான், "ஆர் சொன்னது ரண்டும் ஒரே சீலை எண்டு? ஒரே துணி, ஒரே சாயமெண்டால் ரண்டும் ஒரே மாதிரித்தான் மாறும் அக்கா. உது வேறை, உது வேறை. பக்கத்தில வைச்சுப் பாத்தால் கண்ணுக்குக் கறுப்பு எல்லாம் ஒண்டுதான். இந்தக் கமராவுக்கு ஒவ்வொரு கறுப்பும் ஒவ்வொண்டு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டான்.

கெட்டிக்காரப் புருசனை வைத்துக்கொண்டு எனக்கு விஞ்ஞானம் படிப்பித்தாயே, அதே விஞ்ஞானம் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 'ஓம்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினாய். அதை நம்பி நான் மாமி வரைக்கும் போய் உனக்காக வாதாடினேன்.

நிறம் மாறியது என்னுடையது. அப்படியென்றால் கழிவுச் சாமான் என்னுடையதுதானே? ரவுண்காரிக்கு நல்லது, தோட்டக்காரன் பெண்சாதிக்கு இது போதும், அவளுக்கென்ன தெரியப்போகிறது என்று நினைத்தாயா? அம்மா போன பிறகு உனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது நான். உனக்குப் பேன் பார்த்தது நான். றஜனி அப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்றவள்.

ஏன் கோபி?

தயாளினி

*

நீர்வேலி
26.05.2024

கோபிகாவுக்கு,

கடிதம் கிடைக்கவில்லையா, கிடைத்தும் பேசாமல் இருக்கிறாயா? போன் எடுத்தாலும் நீ எடுப்பதில்லை. றஜனியிடம் கேட்டேன், நேற்றும் உன்னோடு கதைத்தாளாம். சுகமாக இருக்கிறாயாம். அவள் வாயால்தான் உன் சுகத்தையும் அறியவேண்டியிருக்கிறது.

தயாளினி

*

பேர்கன்
02.06.2024

அன்புள்ள தயா அக்காவுக்கு,

உங்களின் சுகத்துக்கு வேண்டுகிறேன். எனக்கும் சுகம், முதுகு மட்டும் இடைக்கிடை.

நன்றாக யோசித்து ஒரு முடிவெடுத்திருக்கிறேன். ஓகஸ்ட்டில் மூன்று கிழமையும் உங்களிடம்தான் தங்கப்போகிறேன். றஜனி அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அவ ஒன்றும் சொல்லவில்லை. பாத்றூம் கட்டியதற்கு நன்றி அக்கா.

சீலைக் கதையைத் தயவுசெய்து இதோடு விடுங்கள்.

கோபிகா

*

நீர்வேலி
20.06.2024

என் அன்புத் தங்கச்சி கோபிகாவுக்கு,

நீயும் தில்லையும் நீடு வாழவேண்டும். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். எனக்கு இந்தக் கிழமை முழங்கால் நோவுகூட இல்லை.

மூன்று கிழமையும் எங்களிடமா! ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டேன். உன் அறைக்குப் புது யன்னல்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறேன். மரக்கறியெல்லாம் எங்கள் தோட்டத்தில் இருந்தே வரும். அத்தான் கிடாயொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

சீலைக் கதையை விடு என்றாய். விடத்தான் நினைத்தேன். அலுமாரியில் மடித்து வைக்கப்போகும்போது கை சும்மா இருக்கவில்லை. உள்தலைப்பில் இருந்து ஒரு நூலை இழுத்து நெருப்புக்குச்சி தட்டினேன். மலிவு நூல்தானே, சுருண்டு உருகி மணியாகிவிடும், என் தலைவிதியை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு மூடி வைப்போம் என்றுதான். அது உருகவில்லை கோபி. தலைமயிர் எரிந்த மணம் வந்தது. விரலில் வைத்துத் தேய்த்தேன், பொடியாகப் போனது. பட்டு! சுத்தப் பட்டு!

இருக்கமுடியுமா என்னால்? ஒரு சீப்புக் கதலியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி றஜனி வீட்டுக்குப் போனேன். உன்ரை சீலையை ஒருக்கா எடு என்றேன். ஏன் என்று கேட்காமல் எடுத்து வந்து தந்தாள். நூல் இழுத்தேன், கொளுத்தினேன். கறுப்பு மணியாக உருகி விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் குதிக்கிற சந்தோசம், முகத்தில் காட்டாமல் இருக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். "உது பட்டில்லை றஜனி" என்றேன்.

"தெரியும் அக்கா. பெட்டியைத் திறந்து தொட்ட உடனேயே தெரியும்" என்றாள்.

"என்ரை?"

"உங்கடை பட்டு. அண்டைக்கு மண்டபத்தில உங்கடை முந்தானை சரிஞ்சது, நான்தானே எடுத்துக் குத்திவிட்டனான். அப்பவே கை சொல்லிப்போட்டுது."

"பின்னை ஏன் நீ கோபியைக் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? அவள் ஆசையாய் அனுப்பினாள், நான் உடுத்தன். வடிவாய்த்தானே இருந்தது." அப்படிச் சொல்லிவிட்டுக் கதலிப்பழம் ஒன்றை உரித்துச் சாப்பிட்டாள். "நல்லாய்ப் பழுத்திருக்கு" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் சந்தோசம் பாதியாகிவிட்டது. அவள் கொஞ்சமாவது எரிச்சல்பட்டிருக்கலாம். ஒருநாளாவது அவள் என்னைப் பார்த்து எரிச்சல்படவேண்டும் என்று எவ்வளவு காலமாகக் காத்திருந்தேன். அந்த நாள் வந்தது, அவள் வாழைப்பழம் சாப்பிட்டாள்.

போகட்டும். எனக்குப் பட்டும் அவளுக்கு மற்றதும் அனுப்பினாய். முந்திய கடிதத்தில் எழுதியதையெல்லாம் கிழித்துப்போடு. ஏன் எனக்கு நல்லதைத் தெரிந்தெடுத்தாய்? மூத்தவள் என்றா, உன்னை வளர்த்தவள் என்றா? எழுது. இந்த ஒன்றையாவது நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன், நானே வைத்திருப்பேன்.

உன் வரவுக்காக நாள் பார்க்கும் அக்கா,
தயா

*

பேர்கன்
06.07.2024

அன்புள்ள தயா அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அத்தானும் சுகமாக இருக்கவேண்டும்.

உங்கள் கடிதத்துக்கு மூன்றுதரம் பதில் எழுதிக் கிழித்தேன். மூத்தவள் என்றபடியால்தான் என்று ஒன்றில் எழுதினேன். அதை அனுப்பியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. இவரிடம் வாசித்துக் காட்டினேன். "இன்னொரு ஓம் எழுதப்போறீரோ" என்று கேட்டார். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

அந்தக் கடையில் பட்டு ஒன்றுதான் இருந்தது. மற்றதை வேறு கடையில் அதே கறுப்பு, அதே கரை பார்த்துத் தேடி எடுத்தேன். எதை யாருக்கு அனுப்புவது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை அக்கா. பட்டு உங்களுக்கு என்று கை தானாகவே பெயரை எழுதியது. மற்றதை உங்களுக்கு அனுப்பினால் நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். கண்டுபிடித்தால் நான் சாகும்வரை சொல்வீர்கள். றஜனி அக்காவுக்கு அனுப்பினால் அவ கண்டுபிடித்தாலும் உடுத்திக்கொண்டு போவா. அவவுக்குக் குறைத்துக் கொடுக்கலாம். உங்களுக்கு அப்படிக் கொடுக்க எனக்குப் பயம்.

எப்போதும் அப்படித்தான். ஊருக்குப் பெட்டி கட்டும்போது முதலில் உங்களுடையதைக் கட்டுவேன், பிறகு எடுத்து வைத்துச் சரியா என்று பார்ப்பேன், பிறகு இன்னொரு சாமான் சேர்ப்பேன். மூன்று கிழமையும் உங்களிடம் வந்து நிற்கிறேன் என்று எழுதியதும் நீங்கள் கோபத்தில் இருந்தபடியால்தான். றஜனி அக்காவோடு நான் போனில் படுத்துக்கிடந்து கதைப்பேன். சில நேரம் ஒன்றும் கதைக்காமல் இருவரும் சும்மா கிடப்போம், அவ அங்கே மரக்கறி வெட்டுகிற சத்தம் கேட்கும். உங்கள் பெயர் போனில் விழுந்தால் எழும்பி இருந்து, தலையைச் சரிப்படுத்திக்கொண்டு, என்ன சொல்வது என்று யோசித்துவிட்டுத்தான் எடுப்பேன். வீடியோ இல்லாவிட்டாலும்.

உங்களில் அன்பில்லை என்று நினைக்கவேண்டாம். தலை இழுத்த கை எனக்கு மறக்கவில்லை. அதுவும் நன்றாக நோகும்படிதான் இழுத்தீர்கள்.

சொன்னபடி ஓகஸ்ட்டில் உங்களிடம்தான் வருவேன். யன்னல்சீலையெல்லாம் தைத்துவிட்டீர்கள்.

மன்னியுங்கள்.
கோபிகா

*

நீர்வேலி
21.07.2024

அன்புள்ள கோபிகாவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள். நான் சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ பயப்படுவாய். அதனால் வாழை நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. முதல்நாள் உன்னைத் திட்டினேன், நல்லகாலம் உனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அத்தானிடம் "நான் அப்பிடிப்பட்ட ஆளோ" என்று கேட்டேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். அந்த மனுசனும் எனக்குப் பயப்படுகிறார் கோபி. முப்பது வருடமாக அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பட்டைத் திருப்பி அனுப்பமாட்டேன். எனக்குத்தான் தந்தாய், என்ன காரணத்துக்குத் தந்தாலும் பட்டு பட்டுத்தான்.

ஆனால் நீ றஜனியிடம் போய் இறங்கு. கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. நீ எங்கள் வீட்டுக்குள் மூன்று கிழமை, என் போனுக்கு எழும்பி இருப்பதுபோலவே திரிவதைப் பார்க்க எனக்கு ஏலாது. விரும்பின நாளைக்கு வா, விரும்பின நேரம் போ. யன்னல்சீலையைப் பற்றி யோசியாதே. அந்த அறையில் இப்போது அத்தான் படுக்கிறார், வெள்ளை மாபிளில் நின்று சுடுதண்ணியில் குளித்துவிட்டுப் பாட்டுப் படிக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். றஜனியின் மாடிவீட்டுக்கு எரிச்சல்பட்டேன், அவளுடைய நிறத்துக்கு எரிச்சல்பட்டேன், கறுப்பாகவே நின்ற அந்தச் சீலைக்கும் எரிச்சல்பட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. உன் கடிதத்தை வாசித்தபோது எரிந்தது போல் என் வாழ்க்கையில் எரிந்ததில்லை. மலிவுச் சீலையைக் கொடுத்துவிட்டு ஒருத்தியோடு படுத்துக்கிடந்து கதைக்க உன்னால் முடிகிறது. மரக்கறி வெட்டுகிற சத்தம் கேட்கிறாய். என்னிடம் இல்லாத சாமானா மரக்கறி? மரக்கறித் தோட்டம் சூழ்ந்த நீர்வேலியில் இருந்துகொண்டு இதை எழுதவேண்டி வந்துவிட்டதே.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒருதரம் போன் எடு. தலையைச் சரிப்படுத்தாதே. படுத்துக்கொண்டு எடு. நான் ஏதாவது சொல்லாமல் இருக்கமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். என்ன சொன்னாலும் எழும்பாதே.

அக்கா